பழைய யந்திரமும் புதிய கைகளும்

பழைய பொருள் ஒன்று கைக்கு வந்தால் அதனை எவ்வாறு கொள்வது என்னும் வினா எக்காலத்திலும் மனிதர்முன் நிற்பதொன்றாகும். முன்னோர் கட்டிய வீட்டை இடித்துப் புதிதாக எழுப்புவதா, ஓட்டை மாற்றிச் சுவரைக் காப்பதா எனக் குடும்பங்கள் ஆராய்கின்றன. ஏட்டுச் சுவடியை அச்சிட்டு வழங்குவதா, பெட்டியிலே வைத்துப் பேணுவதா என அறிஞர் ஆராய்கின்றனர். எமது மாவட்டத்து இளைஞர் சிலரிடையே இவ்வினா இன்று வேறோர் உருவிலே எழுந்துளது. பாட்டனார் காலத்துப் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வருமாயின், அதனைப் பழையபடியே ஆக்குவதா, தம் விருப்பத்துக்கு இசைய உருமாற்றுவதா என்பதே அது.

விழா மலரொன்றிலே எழுதத் தக்க பொருளா இஃது என அன்பர் சிலர் முறுவலிக்கக்கூடும். ஆயினும், இவ்வொரு முடிவிலே ஓர் இளைஞனின் உயிர்ப் பாதுகாப்பும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஓர் ஊரின் நினைவும் சேர்ந்து கிடக்கின்றன. பெரும்பாலும் அம்முடிவு ஒரு மாலைப்பொழுதிலே, கராஜ் வாயிலில் நின்றபடி, எவனோ ஒருவனுடைய வண்டியின் படத்தைப் பார்த்து எடுக்கப்படுகின்றது. மறுநாட் காலையிலே இரும்பு வாள் வேலையைத் தொடங்கிவிடுகின்றது. அறுத்த சட்டத்தை மீண்டும் ஒட்டலாம். அது முன்போல் ஆகாது. ஆதலின், அறுப்பதற்கு முன் ஆராய வேண்டியவற்றை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விடயத்திலே இரு சாராரின் கருத்துக்கள் கேட்கப்படுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே, ஓர் ஆணிகூட வேறுபடாமல், வண்டி இருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அவர்களுடைய வண்டி பளபளக்கும்; ஆனால் மழையையும் வெயிலையும் காணாது. வாங்கியவனுக்கே முழு உரிமை. சட்டத்தை அறுத்தாலென்ன, மட்காட்டைக் களைந்தாலென்ன என்பர் மறுசாரார். அவர்களுடைய வண்டி ஓடும். ஆனால் அது பிறந்த வீட்டின் அடையாளம் அதில் எஞ்சியிராது. இரு சாராரும் வண்டியை ஒரு காட்சிப் பொருளாகவே கொள்கின்றனர் என்பது என் எண்ணம். வண்டி ஓடுதற்குரியது, ஓடும் இடத்துக்கு இசைய வேண்டியது, இன்று வைத்திருப்பவனுக்குப் பின்னரும் இருக்க வேண்டியது. எனவே என் முடிவை முன்னரே கூறிவிடுகின்றேன். உயிரைக் காப்பதற்கும் ஊருக்கு இசைவதற்கும் வேண்டிய மாற்றங்களைத் தயங்காது செய்க. அம்மாற்றம் ஒவ்வொன்றும் பின்வருவோர் கழற்றிப் பழைய நிலைக்கு மீட்கத் தக்கதாக இருக்கட்டும். மீட்க முடியாத மாற்றத்தை அழகு கருதிச் செய்தல் ஆகாது.

முதலில் இவ்வண்டிகள் எத்தகையன என்பதை அறிதல் நன்று. பி. எஸ். ஏ. என்பது பேர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் 1861 இல் ஒன்றுகூடி நிறுவிய கம்பனி. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே அக்கம்பனி எம் 20 என்னும் 500 சீ. சீ. வண்டிகளில் ஏறத்தாழ 1,26,000 ஐப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. எட்வேட் ரேணர் என்பார் வகுத்த ட்ரையம்ப் ஸ்பீட் ருவின் 1937 இல் வெளிவந்தது; அதன் இரட்டைச் சிலிண்டர் அமைப்பைப் பிற கம்பனிகளும் பின்பற்றலாயின. நோட்டன் பந்தயப் பாதைகளிலே பெயர் பெற்றது. றோயல் என்பீல்ட் றெடிச் என்னும் ஊரிலே பிறந்தது. இலங்கை பிரித்தானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்திலும், 1948 இல் சுதந்திரம் பெற்ற பின்னர்ச் சில காலமும், இத்தகைய வண்டிகளே எம் வீதிகளிலே மதிப்புப் பெற்றிருந்தன. பின்பு யப்பானிய வண்டிகள் வந்தன. 1970களின் முற்பகுதியிலே பி. எஸ். ஏ. வீழ்ந்தது. இன்று ஒருவன் கையிலிருக்கும் பழைய வண்டி, அறுபது எழுபது ஆண்டுகளாகப் பல கைகள் பேணியதனால் எஞ்சி நிற்பது. அதன் இலக்கத் தகடுகூட ஒரு வரலாற்றுச் சான்று. 1950களின் பிற்பகுதியிலே வாகன இலக்கங்களுடன் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்ததையும், அதனை எதிர்த்துத் தமிழர் நடத்திய கிளர்ச்சியையும் மூத்தோர் அறிவர். அத்தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேடிக்கைப் பெயர்ப் பலகை மாட்டுவோன் எதனை எறிகின்றான் என்பதை அறியான்.

இவ்வினா இக்காலத்திலே கூர்மையடைந்ததற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச் மாதம் முதல் எம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025 இலேயே அது படிப்படியாகத் திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளிலே கொட்டிலிற் கிடந்த பழைய வண்டிகளை மக்கள் மீண்டும் நோக்கலாயினர். 2022 இன் எரிபொருள் நெருக்கடியிலே ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என அளந்து கொடுத்த நாட்களையும் கண்டோம். அதற்கு முன்னரே, 1990களிலே யாழ்ப்பாணத்தார் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் இன்றி, சில துளி பெற்றோலால் யந்திரத்தை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயால் ஓட்டினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய யந்திரங்கள் அதற்கு இடங்கொடுத்தன. தேவை கருதி யந்திரத்தைத் திருத்துவது எம்மவர்க்குப் புதிதன்று. பார்ப்பவர் கண்ணுக்காகத் திருத்துவதே புதிது.

திருத்தும் ஒருவன் கேட்க வேண்டிய முதல் வினா, இவ்வண்டி எங்கே ஓடப்போகின்றது என்பதாகும். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் பெருவீதியை நினைத்துப் பாருங்கள். ஒரு புறம் இந்து சமுத்திரம். மறுபுறம் புத்தளம் களப்பு. இரண்டுக்கும் இடையே மணற்பாங்கான குறுகிய நிலம். அந்நிலத்திலே அமைந்த எத்தாளையிலே காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே அது மணலையும் சேர்த்துக் கொணர்கின்றது. இரவிலோ புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே திரியும் கட்டாக்காலிக் கழுதைகள் வீதியின் நடுவே அசையாது நிற்கும். இம்மூன்றையும், உப்பையும் மணலையும் கழுதையையும், இலண்டன் நகரத்துப் படப் புத்தகம் அறியாது.

இடம் யந்திரத்தை வெல்லும் என்பதற்கு எம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பாலாவியிலே பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் ஒன்று அமைந்திருந்தது. ராஜாளிய என்பது அதற்கு இட்ட பெயர். அக்காலத்து மிகப் புதிய போர்விமானங்கள் அங்கே வந்திறங்கின. அவற்றை இழுத்து நிறுத்துவதற்கு யானைகளைப் பயன்படுத்தினர். அக்காட்சி புகைப்படங்களிலே பதிவாகியுள்ளது. வானத்தில் விரையும் யந்திரமும் தரையிறங்கிய மண்ணுக்கு இசைந்தே ஆகவேண்டும் என்பதை அப்படங்கள் சொல்லாமற் சொல்கின்றன.

இவ்வளவு கூறியபின், இன்று இளைஞர் விரும்பும் உருமாற்றங்களை ஆராய்வோம். அவற்றுள் முதன்மையானது, கபே றேசர் என வழங்கும் தாழ்ந்த கைபிடி வண்டி. இஃது 1950களிலும் 1960களிலும் இலண்டனின் வட வட்ட வீதியிலே இருந்த ஏஸ் கபே போன்ற தேநீர்க் கடைகளைச் சுற்றி வளர்ந்த வழக்கம். மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவதே அங்குக் கூடிய இளைஞரின் கனவு. அதற்காகக் கைபிடியைத் தாழ்த்தினர், கால்மிதியைப் பின்னே தள்ளினர், நிறையைக் குறைத்தனர். நோட்டனின் சட்டம் வீதியை நன்கு பற்றி நிற்கும் என்பதையும், ட்ரையம்ப் யந்திரம் வலிமை மிக்கது என்பதையும் கண்டு, இரண்டையும் ஒன்றாக்கி ட்ரைட்டன் எனப் பெயரிட்டனர். அவர்கள் செய்தவை அனைத்துக்கும் ஒரு நோக்கம் இருந்தது. அந்நோக்கம் எம் வீதியில் இல்லை. முதுகை வளைத்துப் படுத்து ஓட்டும் வண்டியிலே வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு மணல் ஒழுங்கையில் திரும்புவது எங்ஙனம்? பின்னிருக்கையைக் களைந்தவன் மனைவியையும் பிள்ளையையும் பஸ்ஸிலே அனுப்பிவிட்டுத் தான் தனியே செல்வதா? வடிவத்தை இரவல் வாங்கலாம். அதனைப் பிறப்பித்த தேவையை வாங்க முடியாது.

பொபர் என்னும் அமெரிக்க வழக்கமும் இத்தகையதே. மட்காட்டைக் குறுக்கி, வேண்டாதனவற்றைக் களைந்து, வண்டியை வெறுமையாக்குவது அதன் இயல்பு. மட்காட் இல்லாத சக்கரம் உப்புச் சேற்றை வாரி யந்திரத்தின்மேலும் ஓட்டுபவன் முதுகின்மேலும் எறியும். பெயின்ற் பூசாது தேய்த்து மினுக்கிய இரும்புத் தாங்கி வறண்ட நாட்டிலே அழகாக இருக்கலாம். எத்தாளையிலே சில வாரங்களுக்குள் கறள் பிடித்துவிடும். காற்று வடியைக் கழற்றிவிட்டுத் திறந்த வாயை வைப்போரும் உளர். அவ்வாய் வழியே நுழையும் மணல் சிலிண்டரின் உட்சுவரை அரத்தைப்போல் அராவுகின்றது. சைலன்சரைக் களைவதனால் ஒலி பெருகுமேயன்றி வேகம் பெருகுமென்பதற்கு உறுதியில்லை. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பாடசாலையும் அடுத்தடுத்து நிற்கும் எம் வீதியிலே அவ்வொலி யாருக்கும் பெருமை தராது.

அவ்வாறாயின் மாற்றமே ஆகாதா? ஆகும். எவ்வாறு மாற்றுவது என்பதற்குத் தமிழகத்திலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. 1955 இலே மெட்ராஸ் மோட்டோர்ஸ் கம்பனியும் றெடிச் கம்பனியும் கூடி என்பீல்ட் இந்தியா நிறுவனத்தை ஏற்படுத்தின. சென்னையை அடுத்த திருவொற்றியூரிலே புல்லட் வண்டி செய்யப்படலாயிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினர். பின்னர் எல்லாவற்றையும் தாமே செய்தனர். றெடிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. சிறிது காலத்தில் ஆங்கிலக் கம்பனியும் மறைந்தது. திருவொற்றியூரிலே புல்லட் நின்றுவிடவில்லை. 1977 இல் அவ்வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பிறந்த வீட்டில் விளக்கணைந்தபின் புகுந்த வீட்டிலிருந்து பெண் வந்து விளக்கேற்றியது போன்றதன்றோ இது!

இக்காலத்திலே அவர்கள் புல்லட்டை மாற்றாமல் இருக்கவில்லை. 6 வோல்ட் மின்சாரம் 12 வோல்ட் ஆயிற்று. முன் சக்கரத்துக்குத் தட்டுப் பிறேக் வந்தது. உதைத்து எழுப்பும் வண்டிக்கு மின்விசை எழுப்பி வந்தது. இரும்புச் சிலிண்டருக்குப் பதில் அலுமினியக் கலவை வந்தது. வலக்காற் கியர் இடக்காலுக்கு மாறிற்று. டீசலில் ஓடும் புல்லட்டும் சில காலம் விற்பனையாயிற்று. ஆயினும், தெருமுனையில் வரும்போதே இது புல்லட் எனச் சிறுவனும் அறியும் தோற்றம் மாறவில்லை. ஒவ்வொன்றாக, தேவை கண்டபின், வடிவத்தைக் கெடுக்காமல் மாற்றியதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பேன். தனி ஒருவனின் கொட்டிலிலும் இம்முறையே பின்பற்றத் தக்கது.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூறுவேன். கையிலுள்ள பணம் முதலில் பிறேக்கிலும் சக்கரத்திலும் ரயரிலும் செல்லட்டும். பழைய பிறேக் லைனிங்கிலே கல்நார் இருக்கக்கூடும். அதன் தூளை ஊதுவதும் உலரத் துடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு. முன் சக்கரத்துப் பழைய டிரம் பிறேக் போதாதெனின், 1960களில் வந்த இரட்டை முன்தள்ளுச் சப்பாத்துப் பிறேக்குடன் கூடிய சக்கரத்தைப் பூட்டிவிட்டு, பழைய சக்கரத்தை எண்ணெய் பூசி வளையிலே தூக்கி வைக்கலாம். அடுத்தது விளக்கு. 6 வோல்ட் விளக்கின் மங்கிய ஒளியிலே சாம்பல் நிறக் கழுதை கண்ணுக்குப் புலப்படும்போது காலம் கடந்திருக்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றும் சிறு கருவியைப் பழைய பெட்டிக்குள்ளேயே மறைத்து வைக்கலாம். புற வடிவம் சிறிதும் கெடாது. மூன்றாவது உப்பைத் தடுத்தல். சக்கரக் கம்பிகளையும் சிறு ஆணிகளையும் கறளாத உருக்கில் மாற்றுக. அலுமினியமும் உருக்கும் சேருமிடத்திலே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்படும்; ஆதலின் பூட்டும்போது கிறீஸ் பூசுக. ஓடி வந்தபின் உவரற்ற கிணற்றுநீரால் கழுவித் துடைத்தலைப்போன்ற சிக்கனமான திருத்தம் பிறிதில்லை.

இரண்டு நுண்மைகளைத் தனியே கூறுதல் வேண்டும். ஒன்று திருகுப் புரி. 1841 இலே யோசப் விற்வேத் என்பார் இங்கிலாந்தின் திருகுப் புரிகளை ஒழுங்குபடுத்தினார். அவருடைய புரியின் கோணம் 55 பாகை. இன்றைய மெற்றிக் புரியின் கோணம் 60 பாகை. கடையிலே கிடைத்த புதிய போல்ட்டைப் பழைய துளையிலே வலிந்து திருகினால் இரண்டு சுற்று ஏறும்; பின் துளையையே கெடுத்துவிடும். பழைய வண்டிக்குப் பழைய அளவு ஸ்பனரும் போல்ட்டும் தேடுவது பிடிவாதமன்று, அறிவுடைமை. மற்றொன்று கியர். பழைய பிரித்தானிய வண்டிகளிலே கியர் வலக்காலிலும் பிறேக் இடக்காலிலும் இருக்கும். இக்கால வண்டியிற் பழகியவன் ஆபத்து நேரும்போது வலக்காலை அழுத்துவான். அங்கே பிறேக் இராது. இதற்காக யந்திரத்தை வெட்டி மாற்றுவதினும், வெறுந் திடலிலே பல நாள் பழகிய பின்னரே வீதிக்கு வருதல் நன்று. பழகாத நண்பனுக்கு அவ்வண்டியை ஒரு கணமேனும் கொடுத்தல் நட்பாகாது.

சட்டமும் இங்கே மறக்கத் தக்கதன்று. எம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். பதிவுப் புத்தகத்திலே எழுதப்பட்ட யந்திர இலக்கம், சட்ட இலக்கம் முதலியவற்றோடு வண்டி ஒத்திருக்க வேண்டும். மாற்றம் செய்தால் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இலக்கம் பொறித்த இடத்தை அராவி மினுக்கியவன், தன் வண்டியைத் தானே அநாதையாக்கியவன் ஆவான். அயல் நாடாகிய இந்தியாவிலே 2019 இல் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்தலாகாதெனத் தீர்ப்பளித்தது. 2021 இலே அந்நாட்டு அரசு, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய விதி வகுத்தது. சட்டமும் யந்திரமும் பெரிதும் மாற்றப்படாதிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எங்கும் காற்று இத்திசையிலேயே வீசுகின்றது. இன்று அறுத்தவன் நாளை மதிப்பையும் இழப்பான்.

ஒரு விலக்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழு வண்டி கிடைப்பதில்லை. ஓரிடத்தில் யந்திரமும், வேறிடத்தில் வளைந்த சட்டமும், எங்கோ ஒரு தாங்கியும் கிடைக்கின்றன. அங்கே காப்பதற்கு முழுமை ஏதும் இல்லை. அத்தகைய பாகங்களைச் சேர்த்து, முறைப்படி அறிவித்து, தன் கற்பனைக்கேற்ப ஒரு வண்டியை உருவாக்குவோனைக் குறை கூறேன். ட்ரைட்டன் வண்டிகளுள் சில விபத்திலும் பந்தயத்திலும் சிதைந்தவற்றிலிருந்து எழுந்தனவே. அனாதரவாய்க் கிடந்த இரும்புக்கு உயிர் கொடுப்பது ஆக்கம். முழுதாய் நிற்பதை உடைத்து அவ்வாறு செய்வது அழிவு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனுக்குக் கைவினையில் எவ்வளவு சுதந்திரமும் உண்டு.

என் பொருள், என் விருப்பம் என்னும் வாதத்துக்கும் விடை கூறுவேன். உரிமை உண்மையே. ஆனால் இவ்வண்டியை 1950களில் வாங்கியவரும் அவ்வுரிமையோடுதான் வாங்கினார். அவர் தம் மனம்போனபடி வெட்டியிருந்தால் இன்று விவாதிப்பதற்கு ஒரு வண்டியே இராது. அவருக்குப் பின் அதனைத் திருத்திய மெக்கானிக் பாகம் கிடையாத காலத்திலே தகரத்தை வெட்டியும் பித்தளையைக் கடைந்தும் அதனை ஓடச் செய்தார். அவர்கள் பொறுமையின் பயனை நுகர்வோன், தனக்குப் பின் வருவோனுக்கும் அப்பயனைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். பெற்றதைக் குறையாது கையளித்தல் சொத்துக்கு மட்டுமன்றி யந்திரத்துக்கும் பொருந்தும் அறமாகும்.

மாணவர்களே, உங்களுட் சிலர் ஸ்பனரைப் பிடிக்க விரும்புவீர்கள். நன்று, தொழில் இழிவன்று. ஒரு பழைய வண்டி கிடைத்தால் முதல் ஆணியைக் கழற்றுமுன் எல்லாப் புறமும் படமெடுங்கள். ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, கழற்றியவற்றையும் மாற்றியவற்றையும் திகதியோடு எழுதுங்கள். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் பெயர் எழுதிப் பெட்டியிலிட்டு வையுங்கள். உங்கள் ஊரிலே காதால் கேட்டே யந்திரத்தின் நோயைச் சொல்லும் முதிய மெக்கானிக் ஒருவர் இருப்பாராயின், அவரிடம் சென்று கையைக் கட்டி நின்று கேளுங்கள். அவர் அறிந்தது எந்த அச்சுப் புத்தகத்திலும் இல்லை. அவரோடு அதுவும் போய்விடும்.

பழைய மாணவராகிய எமக்கும் ஒரு பணி உண்டு. எம் வீட்டுக் கொட்டில்களிலே கிடப்பவற்றைப் பழைய இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுக்குமுன், அயலிலே கற்க விரும்பும் இளைஞன் ஒருவன் உளனா என்று பார்ப்போமாக. வண்டியைக் கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுப்போமாக. யார் வாங்கினார், எந்த வழியில் ஓட்டினார், யார் திருத்தினார் என்பதை ஒரு தாளிலே எழுதிப் பதிவுப் புத்தகத்துள் வைத்தாற் போதும். அத்தாளை வாசித்த இளைஞன் இரும்பு வாளை எடுக்குமுன் இரண்டாம் முறையும் சிந்திப்பான் என்பது என் நம்பிக்கை.